மழை மஞ்சளாகப் பெய்வதில்லை

போன மாதம் அந்தப் பிள்ளை வயசுக்கு வந்த சாமத்தியச் சடங்கில் நம் வகுப்புக்காரிகள் எட்டுப் பேரும் ஒரே வரிசையில் இருந்து முறுக்குத் தின்றோமே, அப்போது உங்களில் ஒருத்தி சொன்னாள்: "அந்தக் காலத்துல துடக்கு, தீட்டு எல்லாம் ஒழுங்காப் பாத்ததாலதான் கா, அவ்வளவு சண்டைக்குள்ளயும் நம்மட துறையில ஒரு தோணி தாழல்ல." மற்றவர்களில் பலர் தலையாட்டினீர்கள். என் வாயில் பாதி முறுக்கு இருந்தது. அதை விழுங்கிவிட்டு வாயைத் திறப்பதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. சரி, மேளத்தோடு சண்டை பிடிக்க முடியாது என்று வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் எனக்கு முழங்கால்தான் மடங்காது. மற்றதெல்லாம் வேலை செய்கிறது.

முதலில் அந்தத் தோணி. மாமாவின் தோணி, மாமாவின் தோணி என்கிறீர்கள். அது அம்மாவின் தோணி. நம் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தானே போகும்? அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயலில் ஒரு துண்டை விற்றுத்தான் அப்பா தோணியும் இஞ்சினும் வாங்கினார். பிறகு ராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அப்பாவையும் அம்மாவின் தம்பியான என் மாமாவையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். மாமாவை மறுநாள் விட்டார்கள். அப்பா வரவே இல்லை. அம்மா நெல் அவித்துக் குத்தி அரிசி விற்றாள். மாமா தோணி ஓட்டினார். மேற்கே எங்கள் படுவான்கரையிலிருந்து, ஆறு என்று நாம் சொல்லும் வாவியைக் கடந்து, கிழக்கே எழுவான்கரைக்குப் போக, அரிசி மூட்டை, கோழி, காய்ச்சல்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகளான நாங்கள், எல்லோருக்கும் அது ஒன்றுதான் வழி.

இஞ்சினுக்கு மூடி இல்லை. மழை படாமல் அம்மாவின் நெளிந்த அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக் கட்டியிருந்தோம். ஓடும்போது சட்டி கடகடவென்று அடிக்கும், அந்தச் சத்தத்தை வைத்தே கரையில் நிற்கிறவர்கள் தோணி வருவதைச் சொல்வார்கள். பெற்றோல் கிடையாது. மண்ணெண்ணெயிலேதான் ஓட்டம். தொடங்குவதற்கு மட்டும் காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட வேண்டும். அந்த நாலு துளியும் மாமாவின் சாரன் மடிப்பில் ஒரு கண்மருந்துக் குப்பிக்குள் இருக்கும். உலகத்திலுள்ள நகையெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் சட்டை, கொப்பி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்த ரொட்டி, எல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும். எழுவான்கரைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். பொத்தட்டுமே, அவர்களை விட நாங்கள் நன்றாகப் படித்தோம். குறிப்பாக நெட்டைச்சி.

நெட்டைச்சியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வளவுப் பெண், என் வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை. நான் அவளைப் பார்த்து எழுதி ஐந்தாம் பிள்ளை.

நாங்கள் ஓ.எல். சோதனை எழுத வேண்டிய ஆண்டு அது. வீட்டில் ஒரே பேச்சுத்தான்: பாஸ் பண்ணினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் கலியாணம். குமர்ப்பிள்ளையைச் சும்மா வீட்டில் வைத்திருக்க யாருக்கும் துணிவில்லாத காலம். அந்த ஆண்டுதான் தோணி முதல் தடவையாக நடு ஆற்றில் நின்றது.

நின்ற இடம் சரியாக எதிர்க்கரை ராணுவக் காம்புக்கு நேரே. அசையாமல் கிடக்கும் தோணியைக் கண்டால் சென்றியில் காவல் நிற்கிறவர்களுக்குச் சந்தேகம். காற்று எங்களை அந்தப் பக்கமே தள்ளியது. கம்பு எட்டாத ஆழம். மாமா கயிற்றை இழுத்தார், இழுத்தார், இஞ்சின் இருமக்கூட இல்லை. இரண்டு வெடி வானத்துக்கு வெடித்தது. எல்லோரும் பலகைக்குக் கீழே குனிந்தோம். நெட்டைச்சி மட்டும் எழும்பி நின்று, தன் கணக்குக் கொப்பியை விரித்து, வெள்ளைத் தாள் தெரியும்படி இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்தாள். அரை மணித்தியாலம் அப்படியே நின்றாள். சவள் துடுப்புப் போட்டுப் போட்டு ஒருவழியாகக் கரை சேர்ந்தோம்.  மாமா அன்று முழுக்கத் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

மாமா இரண்டு காரியம் செய்தார். புளியந்தீவுப் பட்டணத்துக்குப் போய் இஞ்சினுக்கு ஒரு பழைய பிளக் வாங்கிவந்து மாற்றினார். வரும் வழியில் மந்திரக்காரரையும் கூட்டிவந்தார்.

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நம்மைப் பார்த்துச் சொல்வார்களே, அவர்கள் அந்த மந்திரக்காரரைப் பார்த்ததில்லை. பாயோடு ஒட்டவைப்பது கிடக்கட்டும், அவருக்குத் தன் தாடியைக்கூடக் காப்பாற்றத் தெரியவில்லை. சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இஞ்சினைச் சுற்றி வந்தார். மாமா அப்போதுதான் நாலு துளி பெற்றோலை விட்டிருந்தார். குப்பென்று ஒரு சுவாலை. தாடியில் பாதி போயிற்று. மனிதர் தண்ணீருக்குள் முகத்தை முக்கி எடுத்துவிட்டு, கருகின மயிர் மணக்க மணக்கச் சொன்னார்: "பாத்தியளா? இஞ்சினுக்க இருந்த சாமான் வெளிக்கிட்டுப் போகுது!" கரையில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அடுத்தது அச்சரக்கூடு என்கிற தாயத்து. செப்புத் தகட்டில் எழுதிச் சுருட்டி, கறுப்பு நூலில் கோர்த்து, இஞ்சினின் கழுத்தில் கட்டினார். சுற்றுகிற சில்லுக்குப் பக்கத்தில் நூல் கட்டினால் என்ன நடக்கும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மாமா கயிற்றை இழுத்ததும் நூல் சிக்கி அறுந்து, கூடு பறந்து, மந்திரக்காரரின் நெற்றியில் போய் அடித்தது. நெட்டைச்சி என் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். எனக்கு அம்மாவிடம் ஒரு குட்டு விழுந்தது. ஆனால் அம்மாவின் உதடும் கோணிக்கொண்டுதான் இருந்தது.

ஆனாலும் இஞ்சின் ஓடியது. பிளக்கை மாற்றினால் ஓடாமல் என்ன செய்யும்? பிளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. மந்திரக்காரர் போகும்போது ஒரு போத்தல் மஞ்சள் தண்ணீரை ஓதிக் கொடுத்தார். "ஒவ்வொரு வெள்ளியும் தோணியைச் சுத்தித் தெளி. முடிஞ்சா வந்து வாங்கு, திரும்ப ஓதித் தாறன்."

அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து. சனி, ஞாயிறு ஓட்டம் இல்லை. திங்கட்கிழமை நடு ஆற்றில் நிற்கும். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை நிற்கும். புதனுக்குக் கொஞ்சம் தேறும். வியாழனும் வெள்ளியும் குதிரை மாதிரி ஓடும். "வெள்ளி ஓதின தண்ணி மெல்ல மெல்ல வேல செய்யிது பாருங்க" என்று மாமா எல்லோருக்கும் சொன்னார். அடுத்த திங்கள் மறுபடி நிற்கும். மந்திரக்காரர் வந்து தோணியைப் பார்த்தார். இஞ்சினைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

"இதுல குமருகள் ஏறுதுகளா?"

"பள்ளிக்கூடப் பிள்ளையள்" என்றார் மாமா.

"துடக்கோட ஏறியிரிக்குதுகள். மறுகா எப்படி ஓடும்?"

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அடுத்த நாளிலிருந்து மாமா துறையில் நின்று, பலகையில் கால் வைக்கிற ஒவ்வொரு பெண்பிள்ளையிடமும் குனிந்து கேட்பார்: "சுகமா இரிக்கிறியா புள்ள?" சுகம் கேட்கிற கேள்வியா அது? அரிசி மூட்டையோடு வந்த ஆண்களெல்லாம் எங்கள் முகத்தையே பார்ப்பார்கள். நாங்கள் எல்லோரும் ஓம், சுகம் என்று பொய் சொன்னோம். நெட்டைச்சி ஒருத்திதான் ஒரு நாள், "இல்ல மாமா" என்று உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அன்றும் தோணி நின்றது.

அவள் சும்மா விடவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நின்ற நாட்களையெல்லாம் குறித்து வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை விடுமுறை. அன்று தோணியில் போனது நாலு ஆண்களும் ஓர் ஆடும் மட்டும். அன்றும் நின்றது. பின்னேரம் அவள் மந்திரக்காரரிடமே போய்க் கேட்டாள்: "ஐயா, இண்டைக்கு ஆர் துடக்கு?"

மந்திரக்காரர் யோசிக்கவே இல்லை. "அது பெட்டை ஆடு" என்றார்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அந்த வாரமே வயசுக்கு வந்த பெண்பிள்ளை ஒருத்தியும் தோணியில் ஏறக்கூடாது என்று முடிவாயிற்று. எதிர்த்துக் கேள்வி கேட்டதற்கு அதுதான் தண்டனை. பாலம் சுற்றிப் போவதென்றால் பஸ் இல்லை, வழி முழுக்கச் சோதனைச் சாவடி. பள்ளிக்கூடம் அவ்வளவோடு நின்றது. இரண்டாம் வாரம் நெட்டைச்சியின் அப்பா சம்பந்தம் பேசி முடித்துவிட்டார். பள்ளிக்கூடம் போகாத குமரை என்ன செய்வது என்று கேட்டார். கூறைச் சேலையும் எடுத்தாயிற்று.

அம்மா அப்போது மாமாவோடு சண்டை பிடிக்கவில்லை. எனக்கு அவள் மேலே எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? தோணிக்குச் சொந்தக்காரி, வாய் திறக்காமல் நெல் அவிக்கிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இருந்த ஒரே தம்பி. அவனும் பயந்து தோணியை விட்டுவிட்டால் அடுப்பு எரியாது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

சோதனைக்கு மூன்று நாள் இருந்தது. மாரி மழை. ஒரு வெள்ளி பின்னேரம் படிப்பதற்கு விளக்கில் எண்ணெய் இல்லை. "தோணி நம்மடதானே" என்று அம்மா மழைக்குள் போய் டாங்கியிலிருந்து குழாய் போட்டு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இறக்கி வந்தாள். குப்பி விளக்கில் ஊற்றிக் கொளுத்தினேன். படபடவென்று வெடித்தது. திரி சீறியது. அணைந்தது. மறுபடி கொளுத்தினேன், மறுபடி அணைந்தது. விளக்குக்குத் தண்ணீர் பட்டால் இப்படித்தான் செய்யும் என்று வீட்டு வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். போத்தலைத் தூக்கி அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே மண்ணெண்ணெய். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கும் அடியில் மஞ்சள் மண்டி.

"அம்மா, இஞ்ச வாங்க."

அம்மா பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். அன்று கடைசி ஓட்டம் முடிந்த பிறகுதான் மாமா தெளித்திருந்தார். தோணியைச் சுற்றித் தெளித்த மிச்சத்தை, உள்ளுக்கும் காவல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் டாங்கிக்குள் ஊற்றியிருக்கிறார்! நின்றால் இன்னும் ஓதுவது, ஓதினால் இன்னும் ஊற்றுவது, ஊற்றினால் இன்னும் நிற்பது. அந்தத் தண்ணீரெல்லாம் இழுபட்டு வெளியே போன பிறகு வியாழனும் வெள்ளியும் குதிரை ஓட்டம். எனக்கு விழுந்து விழுந்து சிரிப்பு வந்தது, பிறகு நெட்டைச்சியின் கூறைச் சேலை ஞாபகம் வந்தது. அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமாட்ட இப்பவே போய்ச் சொல்லுறன்" என்று எழும்பினேன்.

"சொன்னா இன்னும் ரெண்டு போத்தல் ஓதிக்கொண்டு வருவான்" என்றாள் அம்மா. "இரு. மூண்டு நாள் இரிக்கு."

சோதனை நாள் விடிய முன்னமே அம்மாவும் நானும் துறைக்குப் போனோம். டாங்கியைப் பெரிய சட்டிக்குள் கவிழ்த்து, மேலே மிதந்த எண்ணெயை மட்டும் அகப்பையால் அள்ளிச் சீலையில் வடித்தோம். ஒரு துளிகூடச் சிந்தவில்லை, அந்தக் காலத்து மண்ணெண்ணெயை அறிந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். காபரேட்டர் அடியில் உள்ள சின்ன ஆணியைக் கழற்றியதும் மஞ்சளாக ஊற்றியது. பிளக்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு நெருப்பில் சுட்டுக் காயவைத்தோம். மாமா செய்வதை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். பார்ப்பதற்குத் துடக்கு இல்லையே.

வீட்டில் வெள்ளைச் சட்டை போடும்போதுதான் தெரிந்தது, எனக்கு அன்று விடியவே துடக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். 

"அப்ப முன்னுக்கே ஏறு" என்றாள்.

துறையில் ஊரே நின்றது. மாமா குறுக்கே கையை நீட்டினார். "அக்கா, விளையாடுறியா? காம்புக்கு முன்னால நிண்டா சுடுவானுகள். பத்துப் பேர்ர உசிர்."

"ஆர்ட தோணிடா இது?" என்றாள் அம்மா. அவள் அப்படிக் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை.

நான் போத்தலை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். அடியில் மஞ்சள் தெளிவாகத் தெரிந்தது. "இதுதான் மாமா டாங்கிக்க கிடந்தது. இதுதான் நிப்பாட்டினது."

"மழைத் தண்ணி போயிரிக்கும்" என்றார் மாமா.

"மழை மஞ்சளாவா பெய்யிது?"

யாரோ சிரித்தார்கள். மாமாவின் முகம் சிவந்தது. எனக்கு அதற்கு மேலும் சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது, ஆனால் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க மாட்டேன். "நான் இண்டைக்குத் துடக்கு மாமா. மெய்யாத் துடக்கு. நானே இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுறன். ஓடாட்டி என்னையும் இண்டைக்கே கட்டிக் குடுங்க."

 நாலு ஆண்கள் மூட்டையோடு பின்வாங்கினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நெட்டைச்சி தன் அப்பாவோடு நின்றாள். மூன்று நாளில் கலியாணம். சட்டைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய சோதனை அட்டை என்று எனக்குத் தெரியும். வா என்று கையைக் காட்டினேன். அவள் ஓரடி வைத்தாள். அப்பா அவள் கையைப் பிடித்தார். அவ்வளவுதான்.

மாமாவிடம் குப்பியைக் கேட்டு வாங்கினேன். நாலு துளி. ஓர் இழுவை, ஒன்றுமில்லை. இரண்டாவது இழுவை, ஒன்றுமில்லை. "சொன்னன்தானே" என்று ஒரு குரல். மூன்றாவது இழுவையில் தோள் மூட்டே கழன்றுவிடும் போல இருந்தது. சட்டி கடகடவென்று அடித்தது. அம்மா, இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள், நான். மாமா ஏறமாட்டார் என்றுதான் நினைத்தேன். கடைசி நேரத்தில் பாய்ந்து ஏறிச் சுக்கானைப் பிடித்தார்.

காம்புக்கு நேரே வந்தோம். சென்றியில் நின்றவன் துவக்கைத் தோளுக்கு உயர்த்தி எங்களைப் பார்த்தான். அது அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. சாரன் மடிப்பிலிருந்து ஒரு கால் போத்தலை எடுத்தார். மஞ்சள் தண்ணீர். முருகா, முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே டாங்கி மூடியைத் திருகினார்.

நான் பாய்ந்து அந்தப் போத்தலைப் பறித்தேன். ஆற்றில் எறிந்திருக்கலாம். எறிந்தால் அவர் தண்ணீருக்குள்ளேயே குதித்திருப்பார், அப்படிப் பயந்து போயிருந்தார். ஆகவே குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும், அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். கசப்பும் வேப்பிலையும் பழைய போத்தல் நாற்றமும்.

"இப்ப காவல் எனக்குள்ள இரிக்கு" என்றேன். "நான் இறங்கும் வரைக்கும் பயப்பிடாதீங்க."

மாமா அழுதார். சுக்கானை விடாமல், சத்தம் போடாமல் அழுதார். சுற்றிவளைப்பில் பிடித்த அன்று அப்பாவையும் அவரையும் அந்தக் கரையில்தான் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை அந்த இடத்தைக் கடந்த மனிதர் இஞ்சினுக்காகவா தண்ணீர் ஊற்றினார்? இப்போது எனக்கு அது விளங்குகிறது. விளங்குவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு.

அன்று முதல் சோதனை சைவசமயம். துடக்கோடு, வயிறு நிறைய ஓதின தண்ணீரோடு, கையெல்லாம் மண்ணெண்ணெய் மணக்க எழுதினேன். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதை விளக்குக என்று ஒரு கேள்வி வந்தது. இரண்டு பக்கம் எழுதினேன்.

சாகும் வரைக்கும் மாமா சொல்லித் திரிந்தார், அன்று தோணி நிற்காமல் ஓடியது அந்த ஓதின தண்ணீரால்தான் என்று. நான் மறுக்கவில்லை. அது டாங்கிக்குள் போகாததால்தான் ஓடியது.

பின்னேரம் திரும்பி வந்தபோது நெட்டைச்சி துறையில் தனியாக நின்றாள். கையில் மருதோன்றி காய்ந்திருந்தது. "பேப்பரைத் தா" என்றாள். தோணியின் விளிம்பில் குந்திக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் வாயால் விடை சொன்னாள். ஒன்றும் பிழையில்லை. நான் விட்ட மூன்று கேள்விக்கும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுப் பேப்பரை நாலாக மடித்து என்னிடம் தந்தாள். "எனக்கு ஆகத் திறமான டீ வரும், என்ன?" என்று கேட்டாள்.

எனக்கு அதற்கு அடுத்த சீ வந்தது.

துடக்குப் பார்த்ததால் நம் துறையில் ஒரு தோணியும் தாழவில்லை என்று சொன்னவளே, அன்று உன் பக்கத்தில் முறுக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு தலையாட்டாமல் இருந்த அந்த உயரமான கிழவி யார் என்று பார்த்தாயா? அடுத்த முறை அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவளைப் பார்த்துச் சொல்.